தொட்டவன் யார், கொன்றவன் யார்?

2025 ஜூலை 15ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கத்தில் 2011இல் ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் கொலையுண்ட வழக்கு அது. விசாரணைக் கோர்ட்டு 2018இல் தூக்குத் தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் அந்தத் தூக்கை உறுதி செய்தது. உச்சநீதிமன்றமோ அதே ஆளை, அதே சாட்சியங்களைப் பார்த்துவிட்டு, விடுதலை செய்தது.

ஒரே மனிதன், ஒரே வழக்கு, ஒரே கட்டுக் காகிதம். இரண்டு கோர்ட்டுகளின் கண்ணுக்குத் தூக்குக் கயிறாகத் தெரிந்தது மூன்றாவது கோர்ட்டின் கண்ணுக்கு நைந்த நூலாகத் தெரிந்தது ஏன்? வேறு சாட்சியங்களும் அந்த வழக்கில் இருந்தன, அவையும் நிற்கவில்லை. ஆனால் நம் கவனத்தைக் கவர்வது டி.என்.ஏ. அறிக்கை. எடுத்த மாதிரி சோதனைக்கூடம் போய்ச் சேரும் வரையில் யார் கையில் இருந்தது, ஏன் இத்தனை தாமதம், நடுவழியில் கெடவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஒழுங்கான பதில் இல்லை. விஞ்ஞானம் தோற்கவில்லை, தோழர்களே. அதைத் தூக்கி நடந்த கை தடுமாறிவிட்டது.

அத்துடன் நிற்காமல் நாடு முழுவதற்கும் சில கட்டளைகளையும் அந்தத் தீர்ப்பு இட்டது. மாதிரியை எடுத்தவுடன் உறையிட்டு முத்திரையிட வேண்டும். முதல் தகவல் அறிக்கை எண், போலீஸ் ஸ்டேஷன், அதிகாரியின் பெயர் எல்லாம் எழுத வேண்டும். டாக்டரும், விசாரணை அதிகாரியும், வெளிச் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். தாமதமானால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். வழக்கு நடக்கும்போது கோர்ட்டு அனுமதியின்றி அந்த உறையை எவரும் பிரிக்கக் கூடாது. கைமாறும் ஒவ்வொரு தடவையையும் காட்டும் பதிவேடு ஒன்று வழக்கு முடியும் வரை இருக்க வேண்டும். நல்ல கட்டளைகள்தாம். இவ்வளவும் இத்தனை நாளும் எழுதப்படாமலா இருந்தன என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டு என்ன பயன்!

ஆனால் இந்தக் கட்டளைகள் எல்லாம் உறைக்குள் போன பிறகு நடப்பதைப் பற்றியவை. உறைக்குள் போவதற்கு முன்னே, கொலை நடந்த வீட்டில், கதவுப் பிடியின் மேல், கத்தியின் கைப்பிடியின் மேல், உடைந்த கண்ணாடித் துண்டின் மேல் நடப்பது என்ன? அதைப் பற்றித்தான் இன்று நாம் எழுதுகிறோம். ஏனென்றால் அங்கேதான் ஒரே தடயத்துக்கு இரண்டு பேர் போட்டியிடுகிறார்கள். அந்தப் போட்டியில் நசுங்கப்போவது யார் என்பது நம் வகுப்பைச் சேர்ந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமானால் தடய அறிவியல் நிபுணர் ஒருவர் குற்றம் நடந்த இடத்துக்கே வரவேண்டும், தடயம் சேகரிப்பதைப் படமெடுக்க வேண்டும் என்கிறது. இதைச் செயலுக்குக் கொண்டுவர மாநில அரசுகளுக்கு ஐந்தாண்டு வரை அவகாசமும் தந்திருக்கிறது. ஆக, வருங்காலத்தில் நம் தெருவுக்கு நிபுணர் வரப்போகிறார். பெட்டி வரும், காமிரா வரும். வந்தவர் எதை முதலில் தொடுவார்?

இது விளங்க வேண்டுமானால் கைரேகை என்பது என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். விரல் நுனித் தோல் வரப்பும் வாய்க்காலுமாக ஓடுகிறது. வரப்பின் முதுகில் வேர்வைத் துளைகள் இருக்கின்றன. நாம் ஒரு கண்ணாடியைத் தொடும்போது அந்த வேர்வையும், முகத்தையும் தலையையும் தடவியதால் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கும், உதிர்ந்த தோல் துகளும் சேர்ந்து வரப்பின் வடிவத்தைக் கண்ணாடியில் அச்சடித்துவிடுகின்றன. அந்த வடிவம் ரேகை நிபுணருக்கு வேண்டும். அந்தத் துகளில் இருக்கும் உயிரணு டி.என்.ஏ. நிபுணருக்கு வேண்டும். இருவருக்கும் வேண்டியது ஒரே அழுக்கு!

வாசலில் கோலம் போட்டிருக்கிறது. கோலத்தின் அழகைப் படம் பிடிக்க ஒருவர் வருகிறார். கோலத்தில் இருப்பது அரிசிமாவா, சுண்ணாம்பா என்று சோதிக்க மாவை வழித்துப் போக இன்னொருவர் வருகிறார். மாவை வழித்த பிறகு கோலம் ஏது? கோலத்தின் மேல் சாயத்தைக் கொட்டிப் படம் பிடித்த பிறகு சுத்தமான மாவு ஏது? தடயத்தின் தொல்லை முழுவதும் இந்த இரண்டு கேள்விக்குள் அடக்கம்.

தொட்ட இடத்தில் டி.என்.ஏ. கிடைக்கும் என்பதே ரொம்பப் பழைய செய்தி அல்ல. ரத்தம் வேண்டும், எச்சில் வேண்டும் என்றுதான் முதலில் இருந்தார்கள். 1997இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வான் ஓர்ஷாட், ஜோன்ஸ் என்னும் இரு விஞ்ஞானிகள், கையால் பிடித்த பொருளிலிருந்தே ஆளின் டி.என்.ஏ.யை எடுத்துக் காட்டி ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார்கள். அதே கட்டுரையில் இன்னொன்றும் சொன்னார்கள்: ஒருவன் டி.என்.ஏ. இன்னொருவன் கைக்கும், அங்கிருந்து வேறு பொருளுக்கும் தாவக்கூடும் என்று. முதல் செய்தியைப் போலீசு உலகம் கொண்டாடியது. இரண்டாவது செய்தி காதில் ஏறப் பல ஆண்டு ஆயிற்று.

அளவைப் பாருங்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கை எடுத்தால் அது ஒரு நானோகிராம். சுமார் 160 உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ.யைத் திரட்டினால் அந்த அளவு வரும். சோதனைக்கூடத்துக்கு அதுவோ அதில் பாதியோ போதும். அதற்கும் குறைந்தால் பெருக்கிப் பெருக்கிப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இவ்வளவு சிறு தூசு ஒரு மனிதனைத் தூக்குமேடைக்கு ஏற்றவும் வல்லது, இறக்கவும் வல்லது. அப்படியானால் அந்தத் தூசு அங்கே எப்படி வந்தது என்பதல்லவா முதல் கேள்வி?

இனி ரேகை எடுக்கும் முறைகளைப் பார்ப்போம். சினிமாவில் நாம் பார்த்தது பொடி. மென்மயிர்த் தூரிகையால் கறுப்புப் பொடியையோ வெள்ளைப் பொடியையோ தடவினால் பிசுக்கில் பொடி ஒட்டிக்கொண்டு ரேகை எழுந்து நிற்கும். காகிதத்தில் இருக்கும் ரேகைக்கு நின்ஹைட்ரின் என்ற ரசாயனம். வேர்வையில் உள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறம் கொடுக்கும். ரேகைக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று 1954இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் சொன்னார்கள். பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடிக்கு இன்னொரு தந்திரம். கடையில் சிறு குழாயில் விற்கிறார்களே, ஒட்டினால் பிய்க்க முடியாத அந்த உடனடிப் பசை, அதன் ஆவியை மூடிய பெட்டிக்குள் ஏற்றினால் ரேகையின் மேல் வெள்ளையாகப் படிந்து உறைந்துவிடும். 1970களின் இறுதியில் ஜப்பானில் கண்டது இது.

இவற்றில் எது டி.என்.ஏ.யைக் கொல்லும், எது கொல்லாது? பசை ஆவி கொஞ்சம் குறைத்தாலும் அழிப்பதில்லை. அதற்குப் பிறகும் உயிரணுவைத் துடைத்து எடுக்க முடிகிறது. நின்ஹைட்ரின் போட்ட காகிதத்திலிருந்தும் கிடைத்திருக்கிறது. ரேகையைத் தேட அடிக்கிற புற ஊதா விளக்கிலே குற்றலை விளக்கு ஒன்று உண்டு. அதை நெடுநேரம் காட்டினால் டி.என்.ஏ. உடைந்து போகும். பொடி பெரும்பாலும் டி.என்.ஏ.யை அழிப்பதில்லை.

ஆனால் பொடியைத் தடவும் தூரிகை இருக்கிறதே, அதைத்தான் நம்ப முடியாது. நேற்று ஒரு பிணத்தின் பக்கத்தில் தடவிய தூரிகை இன்று திருட்டு நடந்த வீட்டில் தடவப்படுகிறது. அதன் மயிரில் நேற்றைய உயிரணு ஒட்டியிருக்கிறது. பொடி டப்பாவுக்குள் தோய்ந்து தோய்ந்து டப்பா முழுதும் ஊராரின் உயிரணு. தூரிகை ஓரிடத்து டி.என்.ஏ.யை வேறிடத்துக்குக் கடத்தக்கூடும் என்று அதே வான் ஓர்ஷாட்டும் அவர் தோழர்களும் 2005இல் சோதித்து எழுதி எச்சரித்தார்கள். ஓரிடத்துக்கு ஒரு தூரிகை, வேலை முடிந்ததும் எறிந்துவிடு என்பது அதிலிருந்து பிறந்த பாடம். ஒரு தூரிகையின் விலை என்ன, ஒரு மனிதனின் தலையின் விலை என்ன என்று கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் சர்க்கார் கஜானாவைக் காப்பவர்கள்.

ஆகவே முறை என்பது இதுதான்: முதலில் கண், பிறகு காமிரா, அதற்கும் பிறகுதான் கை. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்துத் தொடாமலே ரேகையைப் படமெடுத்துவிட வேண்டும். வரப்பு தெளிவாக இருந்தால் ரேகைக்கு முதலிடம். அதை எழுப்பிப் படமெடுத்த பின் அதே இடத்திலிருந்து உயிரணுவை எடுக்க வேண்டும். ரேகை வழிந்து குழம்பிப் போயிருந்தால், சொரசொரப்பான சுத்தியல் பிடி, கயிறு, துணி போன்ற ரேகை பதியாத இடமாக இருந்தால், பொடி தூவி நேரம் போக்காமல் நேரே டி.என்.ஏ.வுக்குப் போய்விட வேண்டும். ரத்தத்தில் பதிந்த ரேகையானால் வரப்பில்லாத ஓரத்திலிருந்து துளி எடுத்துக்கொண்டு வரப்பைத் தொடாமல் விட வேண்டும். எடுத்ததைக் காகித உறையில் போட வேண்டும். பாலிதீன் பையில் போட்டுக் கட்டினால் நம் ஊர் வெக்கையில் ஈரம் புழுங்கிப் பூஞ்சை பிடித்து எல்லாம் நாசம்.

இது படிக்காத வித்தை அல்ல. புத்தகத்தில் இருக்கிறது. பின் தடை எங்கே? அலுவலகத்தில் இருக்கிறது. நம் நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் கைரேகைப் பிரிவு போலீசு இலாகாவின் ஒரு கிளை, டி.என்.ஏ. பார்ப்பது தடய அறிவியல் கூடம். இரண்டு மேலதிகாரி, இரண்டு ஜீப்பு, இரண்டு ரிஜிஸ்டர். யார் முதலில் வந்து சேர்கிறாரோ அவர் தம் வேலையை முடித்துக்கொண்டு போகிறார். பிந்தி வந்தவருக்கு மிஞ்சியது கிடைக்கும். வரிசையை நிர்ணயிப்பது தடயத்தின் தன்மை அல்ல, டிரைவரின் வேகம்! ரெயில்வேயில் சிக்னல் ஒருவர் கையிலும் பாயிண்ட் இன்னொருவர் கையிலும் இருந்து இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று நம் ரெயில்வேத் தோழர்களைக் கேளுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, தடயம் கிடைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். ஜெர்மனியில் நடந்ததைச் சொல்கிறோம், கேளுங்கள்.

2007 ஏப்ரலில் ஹைல்பிரான் என்ற ஊரில் ஒரு பெண் போலீசு சுட்டுக் கொல்லப்பட்டார். வண்டியில் ஒரு பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. தேடிப் பார்த்தால் அதே பெண்ணின் டி.என்.ஏ. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு என்று மூன்று நாட்டிலே சுமார் 40 குற்ற இடங்களில் இருந்தது! கொலையிலும் அவள், கொள்ளையிலும் அவள், சில்லறைத் திருட்டிலும் அவள். ‘ஹைல்பிரான் பேய்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. மூன்று லட்சம் யூரோ பரிசு அறிவித்தார்கள். 2009 மார்ச்சில் பேய் பிடிபட்டது. அது பேயும் அல்ல, கொலைகாரியும் அல்ல. தடயம் துடைக்கும் பஞ்சுக் குச்சியைத் தொழிற்சாலையில் கட்டி அடுக்கிய ஒரு தொழிலாளிப் பெண்! கிருமி இல்லாமல் சுத்தம் செய்த குச்சிதான் அது. கிருமி செத்தது; அவள் கையின் டி.என்.ஏ. சாகவில்லை. போலீசார் ஊர் ஊராகப் போய்த் தங்கள் பஞ்சுக் குச்சியில் இருந்தவளையே கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். தடயப் பொருள்களில் மனித டி.என்.ஏ. கலக்காமல் தயாரிப்பதற்கென்று சர்வதேசத் தர விதி வந்ததே 2016இல்தான்.

இதில் நமக்கு உறைக்கும் சங்கதி ஒன்றுண்டு. கூலிக்குக் கட்டிய பெண்ணின் கை மூன்று நாட்டில் குற்றவாளிக் கையாக எழுதப்பட்டது. அந்தத் தொழிற்சாலை முதலாளியின் டி.என்.ஏ. எந்தக் குச்சியிலும் இல்லை. எப்படி இருக்கும்? அவர் குச்சியைத் தொட்டதில்லையே!

உலகத்துப் பொருளை எல்லாம் தொடுவது யார்? மூட்டை ஏற்றுகிறவன், பெட்டி அடுக்குகிறவன், மேஜை துடைக்கிறவன், பாத்திரம் கழுவுகிறவன், பூட்டு மாற்றுகிறவன், குழாய் பழுது பார்க்கிறவன். பங்களாவில் கொலை நடந்தால் பங்களாக்காரரின் நண்பர்களின் ரேகை நாற்காலியின் கைப்பிடியோடு நின்றுவிடும். வேலைக்காரப் பெண்ணின் ரேகை கதவிலும், அலமாரியிலும், கத்தியிலும், கட்டில் காலிலும் இருக்கும். தடயம் அதிகம் விட்டுச் செல்பவன் உழைப்பாளி. காரணம் அவன் உழைக்கிறான் என்பதுதான். தடயத்தை மட்டும் எண்ணிக் குற்றவாளியைத் தேடினால் எப்போதும் அவன் வாசலில்தான் போய் நிற்கும்.

தொடாமலே மாட்டிக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2012 நவம்பரில் ஒரு செல்வந்தர் தம் மாளிகையில் கொல்லப்பட்டார். அவர் விரல் நகத்தில் ஒருவன் டி.என்.ஏ. கிடைத்தது. யார் அவன்? வீடு வாசல் இல்லாமல் தெருவில் படுத்தவன். கொலைக் குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்தார்கள். மரண தண்டனையும் வரலாம் என்ற நிலை. சுமார் ஐந்து மாதம் கிடந்தான். பிறகு அவன் வக்கீல் ஆஸ்பத்திரிக் கணக்கைத் தேடிப் பார்த்தார். கொலை நடந்த இரவு அவன் குடிமயக்கத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தான்! அவனை ஆம்புலன்சில் ஏற்றிப்போன அதே ஊழியர்கள்தாம் சில மணி நேரம் கழித்து அந்த மாளிகைக்கும் போனார்கள். அவர்களோடு அவன் உயிரணுவும் போயிற்று. சோதனைக்கூடம் பொய் சொல்லவில்லை, டி.என்.ஏ. அவனுடையதுதான். ‘அவனுடையது’ என்பதிலிருந்து ‘அவன் வந்தான்’ என்று தாவியவர்கள்தாம் பள்ளத்தில் விழுந்தார்கள். அவன் படுக்கையில் இருந்தான் என்பதற்கு ஆஸ்பத்திரி ஏடு இருந்தது. பாலத்தடியில் படுத்திருந்தால் எந்த ஏடு சாட்சி சொல்லியிருக்கும்?

அப்படியானால் ரேகையே போதுமே, டி.என்.ஏ. எதற்கு என்று திரும்பிவிடலாமா? அதுவும் ஆகாது. ஸ்பெயின் தலைநகர் மாட்ரிடில் 2004 மார்ச் 11ஆம் தேதி ரெயில்களில் குண்டு வெடித்து 190க்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். வெடிக்குழல் இருந்த பிளாஸ்டிக் பையில் ஒரு ரேகை. அது ஓரிகான் மாநிலத்து வக்கீல் ஒருவருடையது என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அவர் முஸ்லிம் மதத்தைத் தழுவியவர். மே மாதம் பிடித்து இரண்டு வாரம் அடைத்தார்கள். ஸ்பெயின் போலீசாரோ அது ஓர் அல்ஜீரியாக்காரன் ரேகை என்று கண்டுபிடித்தார்கள். எப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது, 2006இல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தது. மூன்று நிபுணர் சேர்ந்து சொன்னாலும் ரேகையைப் பார்ப்பது மனிதக் கண்தான். கண்ணுக்குள் முன்கூட்டியே ஒரு நினைப்பு இருந்தால் கோடு அதற்கேற்ப வளைந்து தெரிகிறது.

அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறோம்; ஒரே இடத்திலிருந்து இரண்டும் வேண்டும் என்கிறோம். ஒன்றின் பொய்யை மற்றொன்று மடக்கும். ஒட்டிப் பிறக்காவிட்டாலும் ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கு டி.என்.ஏ. ஒன்றுபோல் இருக்கும், ரேகை வேறு. கொத்து வேலைக்காரர், சிமெண்டுக் கலவையில் கை வெந்தவர், செங்கல் சுமப்பவர் இவர்களின் ரேகை தேய்ந்து, ரேஷன் கடை இயந்திரம் கூட ‘நீ நீயல்ல’ என்று விரட்டுகிறதே, அவர்களுக்கு டி.என்.ஏ. மட்டுமே பேசும். வரப்பின் மேல் ஒருவன் ரேகையும் அதே வரப்பில் இன்னொருவன் டி.என்.ஏ.யும் இருந்தால், அங்கே ஒரு கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விதான் நிரபராதியின் உயிர்மூச்சு. ஒன்றை எடுக்கும் அவசரத்தில் மற்றொன்றை அழித்துவிட்டால் கேள்வி எழவே எழாது. அரசாங்கத் தரப்புக்கு அது வசதியாகவும் இருக்கும்!

நாம் விஞ்ஞானத்துக்கு எதிரி என்று எவரும் சொல்லிவிட வேண்டாம். டி.என்.ஏ. சோதனையைக் கண்டவர் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்து அலெக் ஜெப்ரிஸ், ஆண்டு 1984. கொலை வழக்கில் அது முதன்முதல் செய்த வேலை எது தெரியுமா? அந்தப் பக்கத்தில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை பார்த்த 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். அவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டு வாக்குமூலமே கொடுத்துவிட்டான்! போலீசு விசாரணை அறையில் பையன்கள் எதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்? ஜெப்ரிஸ் சோதித்தார். இரண்டு கொலையும் ஒரே ஆள் செய்தது, அந்த ஆள் இவன் அல்ல என்று வந்தது. பையன் பிழைத்தான். சுற்று வட்டார ஆண்கள் சுமார் 5,000 பேரிடம் மாதிரி எடுத்தார்கள். உண்மைக் கொலைகாரன் தனக்குப் பதில் கூட வேலை செய்தவனை ரத்தம் கொடுக்க அனுப்பிவைத்தான். அந்தக் கதை மதுக்கடைப் பேச்சில் வெளிப்பட்டு அவன் மாட்டினான். 1988இல் ஆயுள் தண்டனை. வாக்குமூலத்தைவிட விஞ்ஞானம் யோக்கியமானது என்று அன்று விளங்கிற்று. அந்த யோக்கியதையைக் காப்பாற்றச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

ரேகையின் கதையோ நம் நாட்டிலேயே தொடங்கியது. 1858இல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற வெள்ளை அதிகாரி, சாலைக்குச் சரளை சப்ளை செய்ய ஒப்பந்தம் எழுதிய ஒருவரின் கையை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினார். கையெழுத்தை மறுத்துவிடுவானோ என்ற சந்தேகம்! 1897இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பிரிவு தோன்றியது. ஆயிரக்கணக்கான ரேகைகளை 1,024 அறைகளில் பிரித்து வைக்கும் கணக்கைப் போட்டவர் அஸிஸுல் ஹக். அவரோடு உழைத்தவர் ஹேம் சந்திர போஸ். உலகம் அதை ‘ஹென்றி முறை’ என்று அழைக்கிறது. ஹென்றி அவர்களுக்கு மேலதிகாரி. கீழே இருப்பவன் உழைப்புக்கு மேலே இருப்பவன் பெயர் சூட்டுவது போலீசு இலாகாவிலும் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பிரிவுக்கு அடுத்த ஆண்டே ஒரு சோதனை வந்தது. ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேனேஜர் ஒருவர் கொலையுண்டார். பெட்டியில் பணம் இல்லை. பெட்டிக்குள் இருந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் ரத்தக் கறையோடு ஒரு பெருவிரல் ரேகை. பழைய வேலைக்காரன் ஒருவன் ரேகையோடு அது ஒத்துப்போயிற்று. திருட்டுக் குற்றத்தில் தண்டனை பெற்றவன் என்பதால் அவன் ரேகை கல்கத்தாவில் இருந்தது. வெள்ளைக்காரன் கோர்ட்டு, செத்தவர் தோட்டத்து மேனேஜர், கூண்டில் நின்றவன் வேலைக்காரன். தீர்ப்பு என்ன? பெட்டியைத் தொட்டான், ஆகவே திருட்டு ருசு. கொன்றதை எவரும் பார்க்கவில்லை, ஆகவே கொலையில் விடுதலை. ரேகை எவ்வளவு தூரம் பேசும், எங்கே வாயை மூடும் என்று 1898இல் ஒரு கோர்ட்டுக்குத் தெரிந்திருந்தது.

இன்று நிலைமை என்ன? சர்க்கார் நிபுணரின் அறிக்கை கோர்ட்டில் தானே சாட்சியம் ஆகிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 329ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. பழைய சட்டத்தில் 293. கோர்ட்டு நினைத்தால் நிபுணரை வரவழைத்து விசாரிக்கலாம். நினைக்காவிட்டால் காகிதம் பேசும், ஆள் வரமாட்டார். தூரிகை புதியதா, கையுறை மாற்றினீரா, ரேகை முதலா டி.என்.ஏ. முதலா என்று காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? பணக்காரன் பெரிய வக்கீலை வைத்து நிபுணரைக் கூண்டுக்கு அழைப்பான். சுமைக்கூலித் தோழனுக்கு யார் அழைப்பார்? 2022 நவம்பரில் டில்லி சாவ்லா வழக்கிலும் தூக்கு விதிக்கப்பட்ட மூவரை உச்சநீதிமன்றம் விடுவித்ததே, டி.என்.ஏ. முடிவுக்கு அடிப்படை என்ன என்று கீழ்க்கோர்ட்டும் உயர்நீதிமன்றமும் ஆராயவில்லை என்று அங்கேயும் சொன்னார்கள். பெண்ணைப் பறிகொடுத்த குடும்பம் ஒரு பக்கம் கதறியது. அந்தக் கதறலுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் தடயத்தைக் கெடுத்தவர்களே. சுருளி வழக்கிலும் இரண்டு உயிர் போயிற்று. பிள்ளைகளை இழந்த பெற்றோருக்குக் கொன்றவன் யார் என்று இன்று எவர் சொல்வார்?

இன்னொரு சட்டத்தையும் தோழர்கள் மறக்கக் கூடாது. 1920ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டத்தை நீக்கிவிட்டு 2022இல் அடையாளச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். கைதாகும் ஆளின் ரேகை, உள்ளங்கை, பாதம், கண்மணி, உயிர்மாதிரி வரை எடுக்கலாம். 75 ஆண்டு வைத்திருக்கலாம்! பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றமோ, ஏழாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றமோ இல்லாவிட்டால் உயிர்மாதிரி கொடுக்க மறுக்கலாம் என்று அதிலேயே விதி இருக்கிறது. இதை எத்தனை பேர் அறிவார்கள்? ரேகை கொடுப்பது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று 1961இலேயே 11 நீதிபதிகள் கூடித் தீர்ப்பளித்துவிட்டதால் ரேகையை மறுக்கும் வாதம் நிற்காது. ஆனால் முன்னே தண்டனை இல்லாதவன் வழக்கில் விடுதலையானால், கோர்ட்டு வேறு விதமாகச் சொன்னாலொழிய, எடுத்ததை அழித்துவிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அழித்தார்களா என்று கேட்பதற்கு ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டு அரசினரிடம் நாம் கேட்பது பெரிய பொருள் அல்ல. ரேகைப் பிரிவும் தடய அறிவியல் கூடமும் ஒரே வண்டியில் போகட்டும். போகுமுன் எது முதல், எது பிறகு என்று இருவரும் கையெழுத்திட்டு எழுதட்டும். தொடுமுன் எடுத்த படமும், தொட்ட பின் எடுத்த படமும் குற்றஞ்சாட்டப்பட்டவர் வக்கீலுக்கும் கிடைக்கட்டும். மாதிரி மிஞ்சுமானால் பாதியை மறுசோதனைக்கு வைக்கட்டும். மிஞ்சாது, முழுவதும் சோதனையிலேயே செலவாகும் என்றால் முன்கூட்டியே கோர்ட்டுக்குத் தெரிவிக்கட்டும். இடத்துக்குப் போகும் போலீசார், நிபுணர், ஆம்புலன்சு ஊழியர் அனைவர் மாதிரியும் ஒப்பிட்டுப் பார்க்கத் தயாராக இருக்கட்டும். ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்து நிரபராதி என்று வெளியே வருகிறவனுக்கு நட்ட ஈடு கொடுக்கும் சட்டம் பற்றிச் சட்டம் இயற்றுவோர் யோசிக்கட்டும் என்று சுருளித் தீர்ப்பிலேயே நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஒரு மசோதா வரட்டும்.

வட்டத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தெருவில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போய் ‘ரேகை கிடைத்துவிட்டது, டி.என்.ஏ. கிடைத்துவிட்டது’ என்று சொன்னால் ஸ்டேஷன் வாசலில் கூச்சல் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். வக்கீலை அழைத்துப் போங்கள். பீஸ் கொடுக்க வழியில்லாவிட்டால் தாலுகாவில் சட்ட உதவிக் குழு இருக்கிறது. மனு எழுதிக் கொடுங்கள். அவன் அந்த வீட்டில் முன்பு என்ன வேலை பார்த்தான், எந்தத் தேதியில், யார் கூப்பிட்டு, எந்தெந்தப் பொருளைத் தொட்டான் என்று அவன் மனைவியிடமும் கூட வேலை செய்தவர்களிடமும் அன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்; ஆறு மாதம் கழித்தால் எவருக்கும் நினைவிருக்காது. கூலிச் சீட்டு, வருகைப் பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பஸ் டிக்கெட்டு எதையும் எறியாதீர்கள். மகஜரில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டால் படித்துப் பார்த்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். பிறகு, உச்சநீதிமன்றம் வைக்கச் சொன்ன அந்தப் பதிவேட்டின் நகலை வக்கீல் மூலம் கேளுங்கள்: எந்தத் தேதியில் எடுத்தது, எந்த முத்திரை, யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனையாவது மணியில்.